பிள்ளையின் இரத்தத்தைப் பெரியவரின் அளவுகோலால் அளக்கலாமா?

(தோட்டங்களிலிருந்து பயிற்சிக்காக யாழ்ப்பாணம் வந்திருந்த பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்கள், தாய்மார் ஆகியோர் மத்தியில், வைத்திய ஆய்வுகூடத் துறையில் பல வருடங்கள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் நிகழ்த்திய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



குளிர்த் தேசத்திலிருந்து எங்கடை வெய்யிலுக்குள்ளை வந்து இருக்கிறீங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்று எடுத்துக்கொண்ட விசயம் உங்கள் கையில் இருக்கிற பிள்ளைகளின் மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கோ. இடையில் விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்கலாம்.

ஆய்வுகூடத்திலிருந்து வருகிற இரத்தப் பரிசோதனை றிப்போட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீங்கள். ஒரு பக்கத்தில் உங்கள் இலக்கம். பக்கத்தில் இன்னும் இரண்டு இலக்கங்கள், இதிலிருந்து இதுவரை என்று. அதைத்தான் நோர்மல் என்று சொல்லுகிறோம். ஒப்பீட்டு எல்லை என்பது அதன் சரியான பெயர். உங்கள் இலக்கம் அந்த எல்லைக்கு வெளியே போனால் பக்கத்தில் ஒரு அடையாளம் போட்டிருக்கும். அதைக் கண்டவுடன் தாய்க்கு நெஞ்சு பதறும். அடையாளம் இல்லாவிட்டால், "அப்பாடா, ஒன்றுமில்லை" என்று துண்டை மடித்து வைத்துவிடுவோம்.

இரண்டுமே சில நேரம் பிழையாகப் போகும். முக்கியமாகப் பிள்ளைகளின் ஹோர்மோன் பரிசோதனைகளில். ஏனென்றால் அந்த எல்லை யாருடைய எல்லை என்ற கேள்வியை நாங்கள் கேட்பதில்லை.

எல்லை எப்படி வருகிறது?

இந்த எல்லையை யாரும் மேசையில் இருந்து நினைத்தபடி எழுதுவதில்லை. நோயில்லாத ஆட்களைத் தெரிந்தெடுத்து, குறைந்தது 120 பேரிடமாவது இரத்தம் எடுத்து, பரிசோதித்து, கிடைத்த இலக்கங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துவார்கள். கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம் தள்ளிவிட்டு, நடுவிலே உள்ள 95 வீதமானோரின் இலக்கங்களை எல்லையாக எடுப்பார்கள். இதிலிருந்து ஒரு விசயம் விளங்க வேண்டும். எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஆகவே, எல்லைக்குக் கொஞ்சம் வெளியே நின்றவுடன் அது நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

இனி, அந்த 120 பேரும் யார்? பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள். சுகதேகியான பெரியவரிடம் கேட்டால் கையை நீட்டுவார். சுகமாக விளையாடிக்கொண்டிருக்கிற மூன்று மாதக் குழந்தையிடம், ஒரு நோயும் இல்லாமல், ஆராய்ச்சிக்காக இரத்தம் எடுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? எடுத்தாலும் சில துளிகள்தான் எடுக்கலாம். அதனால்தான் பிள்ளைகளுக்கான எல்லைகள் உலகம் முழுவதிலும் நீண்ட காலமாகக் குறைவாகவே இருந்தன. கனடாவில் ரொறொன்ரோ நகரில், எங்கடை சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிற அதே நகரில், சிறுவர் வைத்தியசாலையை மையமாக வைத்து 'கலிப்பர்' என்ற பெரிய வேலைத்திட்டம் நடந்தது. பல இனங்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கான சுகதேகிப் பிள்ளைகளிடம் இரத்தம் பெற்று, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக எல்லைகளைத் தயாரித்து 2012ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட வேலைகள் நடந்தபடியால் இன்று வைத்தியர்களுக்குப் பிள்ளைகளுக்கான அளவுகோல் கையில் இருக்கிறது. அது ஒவ்வொரு துண்டிலும் அச்சாகி வருகிறதா என்பது வேறு விசயம்.

உங்களுக்குத் தெரிந்த உதாரணம் சொல்லுறன். கவ்வாத்து வெட்டின மலையிலும், கொழுந்து நன்றாய் விளைந்து கிடக்கிற மலையிலும் ஒரே கிலோ கேட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ளுவீங்களா? "ஐயா, இது போன மாதம் வெட்டின மலை" என்று சொல்லமாட்டீங்களா? செடி ஒன்றுதான், ஆனால் அது எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் நிறுவையைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் ஊரில் வடலியைப் பார்த்து, "ஏன் இன்னும் நுங்கு இல்லை?" என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் இரத்தத்துக்கும் அந்த நியாயம்தான்.

பிறந்த பிள்ளையும் தைரொயிட்டும்

முதலில் தைரொயிட்டை எடுப்போம். கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிற சுரப்பி இது. இதிலிருந்து வருகிற ஹோர்மோனைத் தைரொக்சின் அல்லது ரி-4 என்போம். பிறந்து முதல் இரண்டு மூன்று வருடங்களில் மூளை வளருவதற்கு இது கட்டாயம் வேண்டும். இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பி. அது அனுப்புகிற கட்டளைதான் ரி.எஸ்.எச். இதை ஒரு கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஆட்கள் ஒழுங்காக வேலை செய்தால் கங்காணி சத்தம் போடத் தேவையில்லை. வேலை குறைந்தால் சத்தம் கூடும். ஆகவே ரி.எஸ்.எச். கூடியிருந்தால், பெரும்பாலும் தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பெரியவர்களுக்கு ரி.எஸ்.எச். எல்லை சுமார் 0.4 முதல் 4 வரை. ஆனால் ஒரு குழந்தை பிறந்து, தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வெளிக் குளிருக்கு வந்ததும், அரை மணி ஒரு மணி நேரத்துக்குள் அதன் ரி.எஸ்.எச். 60, 70 என்று ஏறிவிடும். இது நோயில்லை. உடம்பு வெளி உலகத்துக்குத் தயாராகிற விதம். ஒரு நாளில் அது 20 அளவுக்கு இறங்கும். முதல் வாரம் முடியும்போது பத்துக்குக் கீழே வந்துவிடும். அதாவது இந்த ஹோர்மோனுக்கு எல்லையை வருடக் கணக்கில் பார்க்க முடியாது. முதலில் மணித்தியாலக் கணக்கு, பிறகு நாள் கணக்கு, பிறகு மாதக் கணக்கு.

12 என்ற ஒரே இலக்கத்தை எடுத்துப் பார்ப்போம்.

இரண்டாம் நாள் குழந்தைக்கு 12 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெரியவரின் எல்லையோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு போலத் தெரியும். அதைப் பார்த்துத் தாய் அழத் தேவையில்லை.

ஒரு மாதக் குழந்தைக்கு 12 என்று வந்தால் அதைத் தள்ளிவைக்கக் கூடாது. ரி-4ஐயும் சேர்த்து உடனே திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு 12 என்றால் அது தெளிவாகக் கூடுதல். வைத்தியரிடம் காட்டி, காரணம் தேட வேண்டும்.

பார்த்தீங்களா? இலக்கம் ஒன்று, பதில் மூன்று. வயது எழுதாத துண்டில் 12 என்று மட்டும் இருந்தால் எந்தப் பெரிய வைத்தியராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி மறுபக்கம். இதுதான் கூடுதலாக ஆபத்தானது. கட்டற்ற ரி-4 என்று ஒரு பரிசோதனை உண்டு. பெரியவர்களுக்கு அது சுமார் 0.8 முதல் 1.8 வரை இருக்கும். பிறந்து முதல் நான்கு நாட்களில் சுகமான குழந்தைக்கு அது 2க்கு மேலே, 5 வரைகூட இருக்கும். அந்த நாட்களில் ஒரு குழந்தைக்கு 1.0 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவரின் எல்லை அச்சடித்த துண்டில் ஒரு அடையாளமும் விழாது. "நோர்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உண்மையில் அந்தக் குழந்தைக்கு ஹோர்மோன் போதவில்லை. அது வீட்டிலே அமைதியாக நித்திரை கொள்ளும், குறைவாக அழும், பால் கேட்காது. "சத்தமே இல்லாத நல்ல பிள்ளை" என்று அக்கம்பக்கத்தார் சொல்லுவார்கள். மாதங்கள் போய், பிள்ளை கழுத்து நிமிர்த்தவில்லை, இருக்கவில்லை என்று தேடி வரும்போது, மூளைக்கு ஏற்பட்ட இழப்பை முழுதாகத் திருப்ப முடியாமல் போகும்.

பிறவியிலேயே தைரொயிட் குறைபாடு 2000 முதல் 4000 வரையான குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளில் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவேதான் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கும் முறை வந்தது. 1974ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குதிக்காலில் குத்தி எடுத்த இரத்தத் துளியைக் கடதாசியில் காயவைத்துப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். எங்கள் நாட்டில் 2010இல் தென் மாகாணத்தில், காலியிலுள்ள றுகுணு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவில் ஆரம்பித்து, பின்பு மற்ற மாகாணங்களுக்கும் விரிவுபடுத்தினார்கள். குழந்தை பிறந்து 24 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் அந்த இரத்தம் எடுக்க வேண்டும். ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். அதற்கு முன்னர் எடுத்தால் அந்த முதல் நாள் ஏற்றம் உள்ளே வந்து, சுகமான பிள்ளைக்கும் குறைபாடு இருப்பதுபோலக் காட்டும். மாதம் குறைந்து பிறந்த, நிறை குறைந்த பிள்ளைகளில் ரி.எஸ்.எச். தாமதித்து ஏறலாம். அதனால் அவர்களுக்கு இரண்டு கிழமையளவில் திரும்ப எடுக்கச் சொல்லுவார்கள். "ஒருக்கால் எடுத்தாச்சுத்தானே" என்று அதை விட்டுவிடாதீங்கோ.

எங்களிடம் நெடுந்தீவிலிருந்து வருகிற தாய், விடியப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் யாழ் போதனா வைத்தியசாலைக்கு வர வேண்டும். உங்களுக்கோ ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். அந்தக் கஷ்டம் தெரிந்துதான் சொல்லுகிறேன். இந்தத் திரும்பப் போகிற பயணத்தை விட்டுவிடாதீங்கோ.

அயடீன் பற்றி ஒரு வார்த்தை

தைரொயிட் வேலை செய்ய அயடீன் வேண்டும். மழை கூடிய மலைநாட்டிலும் தென்மேற்கிலும் கண்டக்கழலை நோய் பழங்காலத்திலிருந்தே அதிகம். குடாநாடு சுண்ணக்கல் நிலம். இங்கே அந்த நோய் அவ்வளவாகப் பரவியதில்லை. 1995ஆம் ஆண்டிலிருந்து எங்கள் நாட்டில் உணவுக்கு விற்கிற உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாகியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் அயடீன் கலந்த உப்பைத்தான் பாவிக்க வேண்டும். அதை மூடிவைத்து, கறி இறக்குகிற நேரத்தில் போடுவது நல்லது. திறந்து கிடந்தாலும் ஈரம் பட்டாலும் அயடீன் குறைந்துபோகும்.

கட்டைப் பிள்ளை, வளர்ந்த பிள்ளை

இரண்டாவது, வளர்ச்சி ஹோர்மோன். 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 வீதம் அளவில். தோட்டப் பகுதிகளில் ஏறக்குறைய 32 வீதம். ஆகவே "என் பிள்ளை ஏன் கட்டை?" என்ற கேள்வி உங்களிடம் அடிக்கடி வரும்.

வளர்ச்சி ஹோர்மோன் நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. விட்டு விட்டு, கூடுதலாக இரவு நித்திரையில் வரும். பகலில் சும்மா ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகமான பிள்ளைக்கும் மிகக் குறைவாகக் காட்டும். அதற்காகவே மருந்து கொடுத்துத் தூண்டிப் பார்க்கிற தனிப் பரிசோதனை இருக்கிறது. அதோடு ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொன்றையும் பார்ப்பார்கள். இது சின்ன வயதில் குறைவு, பருவம் அடைகிற காலத்தில் உச்சம், பிறகு மெல்ல இறங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 100 என்று வந்தால் சரி. அதே 100 பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வந்தால் குறைவு. இன்னுமொன்று: பிள்ளை போதிய சாப்பாடு இல்லாமல் இருந்தாலும் இந்த இலக்கம் இறங்கும். அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது முட்டை, பருப்பு, நெத்தலி, பால். ஊசியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு. ஆகவே இரத்தத் துண்டைவிட, குடும்பநல உத்தியோகத்தர் மாதாமாதம் குறித்துவைக்கிற வளர்ச்சிப் புத்தகத்தின் கோடு பல நேரம் கூடுதலாகக் கதை சொல்லும். வைத்தியரிடம் போகும்போது அந்தப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கோ.

பெரியபிள்ளை ஆகிற காலம்

மூன்றாவது, பருவ ஹோர்மோன்கள். இங்கே வயது மட்டும்கூடப் போதாது. ஒரே வகுப்பில் இருக்கிற பதினொரு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரில், ஒருத்திக்குச் சாமத்தியச் சடங்கு முடிந்திருக்கும், மற்றவள் இன்னும் சின்னப்பிள்ளை. இருவரும் சுகதேகிகள். ஆகவே உடம்பில் தெரிகிற மாற்றங்களை ஐந்து படிகளாகப் பிரித்து, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துத்தான் வைத்தியர்கள் இலக்கத்தை மதிப்பிடுவார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ரனர் என்ற வைத்தியரின் பெயரால் இந்தப் படிகளை அழைப்பார்கள்.

நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது இவ்வளவுதான். பெண்பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்னரே மார்பு வளரத் தொடங்கினாலும், பதின்மூன்று வயதாகியும் தொடங்காவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆண்பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்னர் பருவ மாற்றம் தொடங்கினாலும், பதினாலு வயதாகியும் தொடங்காவிட்டாலும் காட்ட வேண்டும். எட்டு வயதுக்கு முன்னர் வருகிற மாற்றத்தைச் "சீக்கிரம் பெரியபிள்ளை ஆகப்போறாள்" என்று சந்தோசப்பட்டு மறைத்து வைக்காதீங்கோ. எலும்பு முந்தி முதிர்ந்து பிள்ளை கட்டையாக நின்றுவிடும். சில நேரம் உள்ளே வேறு நோயும் இருக்கலாம்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்று முதல் மூன்று மாதம் வரையான ஆண்குழந்தைகளின் இரத்தத்தில் ஆண் ஹோர்மோன் பருவ வயதுப் பையனுக்குக் கிட்டவாக ஏறியிருக்கும். ஆறு மாதமளவில் தானாக இறங்கிவிடும். இது இயற்கை. அந்த நேரத்தில் எடுத்த துண்டை "பிள்ளைகளுக்கான எல்லை" என்று பொதுவாகப் போட்ட ஒரு எல்லையோடு ஒப்பிட்டாலும் பிழைதான்.

குளிசையும் திரிபோஷாவும்

தைரொயிட் குறைபாடு உறுதியானால் சிகிச்சை மிக எளிது. தினமும் ஒரு தரம் தைரொக்சின் குளிசை. பிறந்து இரண்டு கிழமைக்குள் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளரும். மருந்தின் அளவும் வயதோடு மாறும். ஒரு கிலோ நிறைக்கு என்று கணக்குப் பார்த்தால் குழந்தைக்குப் பெரியவரைவிடப் பல மடங்கு வேண்டும். வைத்தியர் எழுதியது கூடிப்போச்சோ என்று நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

குளிசையை நசித்துக் கொஞ்சத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கரண்டியால் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து மருந்து, கல்சியம், சோயா ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. திரிபோஷாவில் சோயா இருக்கிறது. பிள்ளைக்குத் திரிபோஷா கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குளிசை காலையில், திரிபோஷா சில மணித்தியாலம் கழித்து. பிள்ளைக்காம்பராவில் சாப்பாடு கொடுக்கிற உங்களுக்கு இது முக்கியம்.

இன்னொரு பிழை அடிக்கடி நடக்கிறது. குளிசை கொடுத்து, திரும்ப இரத்தம் பார்த்து, எல்லைக்குள் வந்ததும், "நோர்மல் வந்திட்டுது, இனி மருந்து ஏன்?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது குளிசை கொடுத்தபடியால் வந்த நோர்மல். நிறுத்திப் பார்க்கலாமா என்பதைப் பிள்ளைக்கு மூன்று வயதானபின் வைத்தியர் தீர்மானிப்பார். அதுவரை ஒரு நாளும் விடக்கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

முடிக்கிறதுக்கு முன்னம், வீட்டுக்குக் கொண்டுபோக ஏழு விசயங்கள் சொல்லுறன். எழுதிக்கொள்ளுங்கோ.

1. இரத்தம் கொடுக்கும்போது பிள்ளையின் பிறந்த திகதியும், ஆணா பெண்ணா என்பதும் துண்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கோ. வயது எழுதாவிட்டால் மெசினுக்கு அது பெரிய ஆளின் இரத்தம்; பெரிய ஆளின் எல்லையைத்தான் அச்சடிக்கும்.

2. பச்சைக் குழந்தை என்றால் பிறந்த நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் இருக்க வேண்டும். மாதம் குறைந்து பிறந்திருந்தால் அதையும் சொல்லுங்கோ.

3. கோட்டிசோல் போன்ற சில ஹோர்மோன்கள் காலையில் கூட, இரவில் குறைய இருக்கும். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்கே போங்கோ.

4. துண்டு வந்ததும், "இந்த எல்லை என்ரை பிள்ளையின் வயதுக்கு உரியதா?" என்று கேளுங்கோ. கேட்பது உங்கள் உரிமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. அலகைப் பாருங்கோ. கட்டற்ற ரி-4ஐ ஒரு ஆய்வுகூடம் 1.2 என்று எழுதும், இன்னொன்று 15 என்று எழுதும். அலகு வேறு, அளவு ஏறக்குறைய ஒன்றுதான். முடிந்தவரை ஒரே இடத்தில் பரிசோதியுங்கோ.

6. பழைய துண்டுகளை எறியாமல் திகதி வாரியாகப் பிள்ளையின் புத்தகத்துக்குள் வையுங்கோ. இலக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரு துண்டில் தெரியாது.

7. இரண்டு கிழமைக்கு மேல் மஞ்சள் மாறாத குழந்தை, எந்நேரமும் நித்திரை, பால் குடிக்கச் சோம்பல், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, துருத்திய தொப்புள், பெரிய நாக்கு. இவற்றைக் கண்டால், முன்பு எடுத்த துண்டில் நோர்மல் என்று இருந்தாலும் திரும்பக் காட்டுங்கோ. துண்டைவிடப் பிள்ளை பெரிது.

நான் இன்று சொன்ன இலக்கங்கள் எல்லாம் உங்களுக்கு விளங்குவதற்காகச் சொன்னவை. ஒவ்வொரு ஆய்வுகூடத்தின் மெசினுக்கும் எல்லை கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஆகவே என் இலக்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் வைத்தியரோடு சண்டைக்குப் போகாதீங்கோ. என் கேள்வியை வைத்துக்கொண்டு போங்கோ: இது எந்த வயதுக்கு உரிய எல்லை?

உங்கள் பிள்ளைக்காம்பராக்களில் காலையில் தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச் செல்கிற அந்தக் குழந்தைகளில், அழாத, பால் கேட்காத, எப்போதும் தூங்குகிற ஒரு பிள்ளை இருந்தால், ஊருக்குத் திரும்பியவுடன் அந்தத் தாயோடு பேசுங்கோ. குடும்பநல உத்தியோகத்தருக்கும் தோட்ட வைத்திய உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கோ. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்கு அது ஒன்றே போதும்.